ஆம்ப்ளெக்ஸ் ரெட், டிசிஎஃப்ஹெச், போரோனேட்: நீரில் பெராக்சைடு அளக்க எது?

ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க ஒளிர்சாயம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எது அதிகம் ஒளிரும் என்றுதான். தலைப்பில் உள்ள மூன்று சாயங்களுமே நன்றாக ஒளிரும். எதைக் கண்டு ஒளிர்கிறது என்பதில்தான் சிக்கல்.

டிசிஎஃப்ஹெச்சை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். ஃப்ரீசரில் ஏற்கெனவே ஒரு குப்பி கிடக்கிறது என்பதற்காகவே பலர் இதை எடுக்கிறார்கள். ஆனால் பெராக்சைடு மட்டும் இருந்தால் இது கிட்டத்தட்ட அசையாது, பெராக்சிடேஸ் நொதியோ இரும்போ கூட இருக்க வேண்டும். அது போதாதென்று, வெளிச்சம் பட்டால் தானாகவே ஆக்சிஜனேற்றமாகிப் பச்சையாக ஒளிரத் தொடங்கும். மாதிரி எதுவும் சேர்க்காத குழாயிலும் அளவு ஏறிக்கொண்டே போகும்.

போரோனேட் வகைக்கு நொதி வேண்டாம். பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழுவினர் 2004இல் வெளியிட்ட பெராக்ஸிஃப்ளோர்-1 இந்த வகைதான், வேதியியலும் அழகானது. ஆனால் பெராக்சைடுடன் ரொம்ப மெதுவாகத்தான் வினைபுரியும். 10 மைக்ரோமோலார் சாயம் போட்டு, நீரில் அதைவிட மிகக் குறைவான பெராக்சைடு இருந்தால், அந்தப் பெராக்சைடில் பாதி தீரவே சுமார் 19 மணி நேரம் ஆகும்! குளோரின் நீரில் கலக்கும்போது உருவாகும் ஹைப்போகுளோரைட்டுடனோ ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வேகம். அதனால் குளோரின் கலந்த குழாய்நீரில் இதைப் போட்டால் நீங்கள் அளப்பது குளோரினைத்தான்.

நீர் மாதிரிக்கு என் தேர்வு ஆம்ப்ளெக்ஸ் ரெட், கூடவே குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ். ஒரு பெராக்சைடு மூலக்கூறுக்கு, ஒளிரும் விளைபொருளான ரெசோருஃபின் ஒன்று கிடைக்கும், ஒளிர்வு 585 நானோமீட்டர் பக்கம் வரும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். இதுவும் வெளிச்சத்தைத் தாங்காது, அதனால் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றியே வையுங்கள். பெராக்சைடு மிக அதிகமாக இருந்தால் ரெசோருஃபினே மேலும் ஆக்சிஜனேற்றமாகி ரெசசூரினாகிவிடும், ஒளிர்வு படுத்துவிடும், மாதிரியில் ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், இன்னொரு பங்கில் முதலில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்துச் சிறிது நேரம் விட்டுவிட்டு அதன் பிறகு அளங்கள். அதிலும் ஒளிர்வு அப்படியே வந்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடால் வந்ததில்லை.

சரி, குடிநீரில் எஞ்சிய குளோரின் மட்டும்தான் தெரிய வேண்டும் என்றால்? லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்க, இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரை போதும். அதற்கு ஒளிர்சாயம் வாங்குவது வீண் செலவு.