18 கிகாஹெர்ட்ஸ் எமிஷன் சோதனைக்கு எந்த ப்ரீஆம்ப்?

எமிஷன் சோதனை என்றால் ஒரு மின்னணுக் கருவி வெளியே விடும் ரேடியோ அலைகளை ஆன்டெனாவில் பிடித்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அளப்பது. அந்தப் பலவீனமான சிக்னலைப் பெருக்கித் தருவது ப்ரீஆம்ப். அதை வாங்கும்போது பலரும் டேட்டாஷீட்டில் முதலில் தேடுவது நாய்ஸ் ஃபிகரைத்தான், அதாவது அது தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்பதை. 3 டெசிபலா, 1.5 டெசிபலா என்று அதற்கே காசு கூடிக்கொண்டு போகும். ஆனால் ப்ரீஆம்பை எங்கே வைக்கிறோம், கெயின் (பெருக்கம்) எவ்வளவு, எப்போது திணறும் என்பவைதான் சோதனையில் பெரிய வித்தியாசம் காட்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்தில் வெப்ப இரைச்சல் −114 டிபிஎம் (1 மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபல்), அதாவது 50 ஓமில் −7 டெசிபல் மைக்ரோவோல்ட். 18 கிகாஹெர்ட்ஸில் ஹார்ன் எனும் கொம்பு வடிவ ஆன்டெனாவின் ஆன்டெனா ஃபேக்டர் (அளந்த வோல்டேஜை மின்புல வலிமையாக மாற்றக் கூட்டும் எண்) 45, கேபிள் இழப்பு 10, அனலைசரின் நாய்ஸ் ஃபிகர் 25 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் இரைச்சல் 73 டெசிபல் மைக்ரோவோல்ட்/மீட்டரில் நிற்கும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் பகுதி 15-ன் பொதுவான சராசரி வரம்போ 3 மீட்டரில் 54. வரம்புக்கோடே இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கிறது.

அனலைசருக்குள்ளேயே இருக்கும் ப்ரீஆம்பை ஆன் செய்தால்? நாய்ஸ் ஃபிகர் 12-க்கு இறங்கினாலும் இரைச்சல் 60. போதாது. அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். மல்டிமீடியா கருவிகளின் எமிஷனுக்கான சர்வதேசத் தரமான சிஸ்பிஆர் 32 மட்டும்தான் உங்கள் வேலை என்றால் 6 கிகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அங்கே ஆன்டெனா ஃபேக்டரும் கேபிள் இழப்பும் குறைவு, உள் ப்ரீஆம்பே பெரும்பாலும் சமாளித்துவிடும். தனிப் பெட்டி, தனி பவர் சப்ளை, தனி காலிபரேஷன் என்ற தொல்லையும் இல்லை.

18 வரை போகிறவர்களுக்கு வெளி ப்ரீஆம்ப் கட்டாயம். 30 டெசிபல் கெயின், 3 டெசிபல் நாய்ஸ் ஃபிகர் உள்ள ஒன்றை அனலைசர் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் ஏறக்குறைய 52. அதே பெட்டியை ஹார்னின் கழுத்தருகே மாட்டினால் 45. ப்ரீஆம்புக்கு முன்னால் வரும் கேபிள் இழப்பு அப்படியே இரைச்சலில் ஏறும், பின்னால் வருவதில் பெரும்பகுதியைக் கெயின் விழுங்கிவிடும். அங்கிருந்து 1.5 டெசிபல் மாடலுக்கு மாறினால் என்ன கிடைக்கும்? வெறும் அரை டெசிபல். ஏனென்றால் மிச்ச இரைச்சலில் பெரும்பங்கு பின்னால் இருக்கும் கேபிளும் அனலைசரும் கொண்டுவருவது.

அப்படியானால் 40 டெசிபல் கெயின் வாங்கலாமே என்று தோன்றும். இரைச்சல் 42-க்கு இறங்குவது உண்மைதான். ஆனால் சோதிக்கும் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 டிபிஎம் விடும் வைஃபை என்று வையுங்கள். 3 மீட்டரில் 9 டிபிஐ (ஆன்டெனாவின் கெயின்) ஹார்ன் பிடிக்கும் சிக்னல் சுமார் −21 டிபிஎம். அதில் 40 டெசிபல் ஏற்றினால் வெளியீடு 19 டிபிஎம் ஆக வேண்டும். 10 டிபிஎம்மிலேயே கம்ப்ரெஷன் தொடங்கும், அதாவது அதற்கு மேல் ஒழுங்காகப் பெருக்க முடியாத ப்ரீஆம்ப் என்றால் அது திணறி, 4.8, 7.2 கிகாஹெர்ட்ஸில் தானே ஹார்மோனிக் (மூல அலைவரிசையின் மடங்குகளில் வரும் சிக்னல்) உருவாக்கும். பழி கருவியின் மேல் விழும். 30 டெசிபலிலும் 9 டிபிஎம், விளிம்புதான். ஆக இரண்டிலும் ஹார்மோனிக் பார்க்கும்போது முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர் (2.4-ஐத் தடுத்து மேலே உள்ளதை மட்டும் விடுவது) வேண்டும். அது தின்னும் ஒரு டெசிபலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் ஓட்டு 30 டெசிபலுக்கே. பலமான சிக்னல் இல்லாத இடத்தில் உள் ப்ரீஆம்பையும் சேர்த்து ஆன் செய்தால், இரைச்சல் 41 வரை வந்துவிடும். 40 டெசிபல் பெட்டிக்கு அங்கே பெரிய வேலையே இல்லை.

அப்புறம், திரையில் ஒரு ஹார்மோனிக் சந்தேகமாகத் தெரிந்தால் ப்ரீஆம்புக்கு முன்னால் 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போடுங்கள். நிஜமானது 10 இறங்கும். ப்ரீஆம்ப் உருவாக்கிய இரண்டாம் ஹார்மோனிக் 20 டெசிபல் அளவுக்கு இறங்கும்.