க்ளெய்ம் அனுபவம்: போனில் ஐந்து நட்சத்திரம், பில்லில் இரண்டு

கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் பிரீமியத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விபத்து நடந்ததும் போனை எடுப்பவர் எப்படிப் பேசுவார் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரிய வந்தது திருச்சி–தஞ்சாவூர் சாலையில், துவாக்குடி தாண்டி. சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்த என் வேகன்ஆர் மீது ஒரு டாரஸ் லாரி ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது. பானெட் மடங்கி, பம்பர் பிளந்துவிட்டது. பின் சீட்டில் அம்மா இருந்தார்.

பாலிசியில் இருந்த டோல்ஃப்ரீ எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு எண்ணை அழுத்தியதும் ஒரு பெண் எடுத்தார். பாலிசி நம்பர் கேட்பார் என்று தாளை விரித்து வைத்திருந்தேன். அவர் முதலில் கேட்டது, "யாருக்காவது அடிபட்டிருக்கா மேடம்?" அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, அடி இல்லை என்றேன். "அவங்களை வண்டியை விட்டு இறக்கி ஓரமா உட்கார வைங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். இருந்தார்.

அதற்கப்புறம் கேட்டதுதான் என் இன்ஜினைக் காப்பாற்றியது. "வண்டிக்கு அடியில ஏதாவது ஒழுகுதா பாருங்க." குனிந்து பார்த்தால் தார் மேல் பச்சையாகக் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. ஓரம் கட்டணும்னா தள்ளிக்கோங்க" என்றார். ரேடியேட்டர் உடைந்த வண்டியை ஓட்டி இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொண்டால், அது விபத்தால் வந்த சேதம் இல்லை, ஓட்டியதால் வந்தது என்று கழித்துவிடுவார்கள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

எஃப்ஐஆர் வேண்டுமா என்று கேட்டேன். யாருக்கும் காயம் இல்லை, வேறு யார் சொத்துக்கும் சேதம் இல்லை, நம் வண்டிக்கு மட்டும்தான் க்ளெய்ம் என்பதால் தேவையில்லை என்றார். லாரி நம்பர் தெரிகிற மாதிரி படம், இரண்டு வண்டியும் நகருவதற்கு முன் தள்ளி நின்று ஒரு படம், ஆர்சி, லைசன்ஸ். அவ்வளவுதான் கேட்டார். டோயிங்குக்குப் பாலிசியில் 1,500 ரூபாய் வரைதான் வரும், மேலே ஆனால் நாம்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். க்ளெய்ம் நம்பர் குறுஞ்செய்தியில் வந்த பிறகே போனை வைத்தார். அந்தப் பெண்ணுக்கு மனதார ஐந்து நட்சத்திரம்.

ஆப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழுக்க ஆங்கிலம், படம் ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. போனிலேயே சொல்லிவிடுங்கள்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுநாளே ஒர்க் ஷாப்புக்கு வந்தார். க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் சொல்லியிருக்கிறது, அதன்படியே நடந்தது. மெக்கானிக் சேசிஸ் நம்பர் மேல் டேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்தார். சர்வேயர் அதை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு பம்பரின் இடது ஓரத்தை நகத்தால் சுரண்டி, "இது பழைய அடி" என்று எழுதிவிட்டார். பழைய அடி என்றால் புதுப் பம்பர் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. போன சர்வீஸின் ஜாப் கார்டு கையில் இருந்தது. வண்டியை விடும்போது எங்கெங்கே கீறல் இருக்கிறது என்று அதில் கார் படத்தின் மேல் குறிப்பார்களே, அதில் முன் பம்பரில் ஒரு குறிகூட இல்லை. அதைப் படம் எடுத்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன். மறுபரிசீலனையில் பம்பரை ஒத்துக்கொண்டார்கள். ஜாப் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டு நட்சத்திரம் எதற்கென்றால், பில் வந்த பிறகுதான் கழிவுக் கணக்கைக் காட்டினார்கள். என் வண்டிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. ஐந்திலிருந்து பத்து வருஷ வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம், பானெட்டுக்கு அப்படித்தான் போனது. பம்பர் பிளாஸ்டிக், அதனால் பாதி. கூலன்ட் தனியாக நம் கணக்கு. ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கூலிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. இது எதுவும் ரகசியம் இல்லை, பாலிசித் தாளிலேயே இருக்கிறது. ஆனால் கேஷ்லெஸ் (கம்பெனியே ஒர்க் ஷாப்புக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) என்ற சொல்லைக் கேட்டு ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று நம்பி வருகிறவர்கள் எத்தனை பேர்! டெலிவரி கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், மகனுக்குப் போன் போட்டுப் பணம் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. எனக்கு 35 சதவீதம் சேர்ந்திருந்தது. ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் அது பூஜ்யம். எனக்கு வந்த சேதம் பெரிது, அதனால் க்ளெய்ம் போட்டதே சரி. சின்ன நசுங்கலாக இருந்திருந்தால் கையிலிருந்து கொடுப்பது லாபம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, எஸ்டிமேட் வந்த அன்றே ஒருவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அவ்வளவு பக்குவமாகப் பேசத் தெரிந்த ஆட்களைப் போனில் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது முடியாத காரியமா?

ரினீவல் வருகிறது. ஏழு வயது வண்டிக்கு ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) தருவீர்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். தந்தால் இங்கேயே தொடர்வேன்.