வெள்ளை சிமெண்டும் நாலு வருஷ வெயிலும்

திருநகர் வீட்டில் இருந்த பழைய துளசி மாடம் விரிசல் விட்டதில் ஆரம்பித்தது. புதுசுக்கு விலை விசாரித்துவிட்டு, வெள்ளை சிமெண்டில் நாமே வார்த்தால் என்ன என்று 2021இல் கரண்டியைக் கையில் எடுத்தேன். இன்று வரை ஒரு மாடம், மொட்டைமாடியில் 9 பூந்தொட்டி, கிணற்றடிக்குப் போகிற வழியில் 11 மிதிகல். எதுவும் உடையவில்லை. நிறம்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதியில் இருக்கிறது.

முதலில் கடை விஷயம். வெள்ளை சிமெண்ட் என்று கேட்டபோது ஒரு கடையில் சுவருக்குப் பூசுகிற பட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன். பட்டி சுவரில் மெல்லிசாக இழுப்பதற்கு. அதில் தொட்டி வார்த்தால் நகத்தால் சுரண்டலாம். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள். சாம்பல் சிமெண்டுக்கு அந்த நிறம் வருவது முக்கியமாக இரும்பு ஆக்சைடால். அது மிகக் குறைவாக இருக்கிற மூலப்பொருளாகத் தேடி எடுத்துச் சுடுவதால்தான் வெள்ளை, விலையும் ஏறக்குறைய மூன்று மடங்கு. கறுப்போ அடர் சிவப்போ வேண்டுமென்றால் சாம்பல் சிமெண்டே போதும். இளமஞ்சள், ரோஸ், வெளிர் பச்சை, சுத்த வெள்ளை, இவற்றுக்கு மட்டும் இந்தச் செலவு நியாயம்.

அந்த வெள்ளையை மணல் கெடுக்கும். பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் போட்டேன், அழுக்கு வேட்டி கலரில் வந்தது. ஆற்று மணல் மஞ்சள் அடித்தது. கடைசியில் மொசைக் தரைக்குப் போடுகிற வெள்ளைச் சிப்ஸில் பொடி ரகமும், கொஞ்சம் மார்பிள் தூளும். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சிப்ஸும் தூளும் சேர்த்து. அதில் தூள் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. தூள் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் கூடினால் மயிர் விரிசல் வரும். ஒரு கிலோ சிமெண்டுக்கு 400 முதல் 450 மில்லி தண்ணீர். கொழுக்கட்டை மாவைவிட ஒரு சுற்று இளக்கமாக இருக்கும். பக்கத்துத் தெருக் கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணிய ஊத்தி ஊத்திக் கலரக் கழுவிராதீக” என்றார். கேட்டிருக்கலாம். முதல் மூன்று தொட்டியும் சோகை பிடித்த மாதிரிதான் இருக்கின்றன.

நிறத்தை மாதிரி பார்க்க வீட்டிலிருந்த பழைய அலுமினிய இட்லித் தட்டை எடுத்தேன். சின்னச் சின்ன வில்லை, குழி குழியாக வசதி. மறுநாள் பார்த்தால் வில்லை முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு குமிழியிடும், அதன் அடையாளம் அது. தட்டும் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நிற்கவில்லை. இப்போது பிளாஸ்டிக் டப்பா மூடிதான்.

நிறப்பொடியைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். ஒரு பொடி கனம், ஒரு பொடி லேசு. சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு கிலோ சிமெண்டுக்கு 30 முதல் 50 கிராம் வரை போடுகிறேன். 100 கிராமைத் தாண்டினால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். சிமெண்டும் பொடியும் காய்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்த பிறகுதான் தண்ணீர். ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பி ஏமாறுவதும் எல்லோருக்கும் நடக்கும். மூன்று நாலு வாரத்தில் காய்ந்து பாதி வெளுத்துத்தான் உண்மை நிறம் தெரியும். இரும்பு ஆக்சைடு சிவப்பும் மஞ்சளும் நாலு கத்திரி வெயிலைப் பார்த்தும் அசையவில்லை. நம் பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரை இத்தனை வருஷம் கிடப்பதும் அதனால்தானே. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, அதுவும் அப்படியே. நீலத்தில்தான் அடி வாங்கினேன். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஊற்றி ஒரு தொட்டி வார்த்தேன். முதல் நாள் மயில் கழுத்து, ஆறு மாதத்தில் சாம்பல். அது சாயம். சிமெண்டின் காரமும் வெயிலும் சேர்ந்து தின்றுவிடும்.

இனி தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர் குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ரகம். அதில் குழைத்த சிவப்பு மிதிகல் இரண்டிலும் உப்புப் பூத்தது. தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிமெண்டுக்குள் இருக்கிற சுண்ணாம்பே ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெள்ளையாகும். குழாய்த் தண்ணீருக்கு மாறி, அளவையும் குறைத்த பிறகு குறைந்தது. வெள்ளைத் தொட்டியிலும் பூத்திருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது!

ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சணல் சாக்கை நனைத்துப் போர்த்தினேன், சாக்கின் பழுப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. பழைய வெள்ளை வேட்டியும் அதன் மேல் பாலிதீனும் போட்டால் பிரச்சினை இல்லை. இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். மரப்பலகையால் தேயுங்கள். கையுறை கட்டாயம், ஒருநாள் சோம்பேறித்தனத்துக்கு ஒரு வாரம் விரல் நுனி வெடித்துக் கிடந்தது.

பளபளப்புக்கு ஆத்தங்குடிக்காரர்களைப் பார்த்துக் காப்பியடித்தேன். அங்கே கண்ணாடி மேல்தான் வண்ணக் கலவையை ஊற்றி டைல் போடுகிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. பழைய ஜன்னல் கண்ணாடியில் நாலு மிதிகல் குப்புற வார்த்தேன். முகம் பார்க்கலாம் போல வந்தது. ஐப்பசி மழையில் அப்பா வழுக்கப் பார்த்தார். அந்த நாலும் இப்போது சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.

மாடத்துக்கு வருகிறேன். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, விளக்கு மாடத்தைத் தவிர. நல்லெண்ணெய் உள்ளே இறங்கிப் பழுப்பு வட்டம். மஞ்சள் குங்குமக் கறை மேலே. சோப்பு, சோடா எதற்கும் அசையவில்லை. எலுமிச்சை தேய்த்ததில் கறை போகாமல் மேற்பரப்புதான் அரித்துச் சொரசொரப்பானது. மேலே பூசிய பளபளப்பு வார்னிஷ் மாதிரியான பூச்சு இரண்டாவது கோடையில் தோலாக உரிந்தது, திரும்பப் பூசவில்லை. விளக்குக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்துவிட்டோம். தொட்டிகளில் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அடியில் பச்சைப் பாசி ஏறும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

சிமெண்டை ஐந்து கிலோவாக வாங்குங்கள். நான் மலிவு பார்த்து முழு மூட்டை எடுத்தேன். பிரித்த பையில் மீதி இருந்தது ஒரே மழைக்காலத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது. இப்போது அதுதான் எங்கள் வீட்டு கேட்டுக்கு முட்டு.