மேட்டோரத்தில் ஓடுகிற விங்கருக்கு: அடிடாஸ் வேர்ல்ட் கப் பூட்ஸ்

மலையகத்து உதைபந்தாட்ட மைதானங்களில் பெரும்பாலானவை சரிவை வெட்டி எடுத்தவை. ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு. மறுபக்கம் அந்த மண்ணையே கொட்டி நிரப்பிய கரை, அதற்குக் கீழே தேயிலை. மழை பெய்தால் மேட்டுப் பக்கத்துக் கானில் அடங்காத தண்ணீர் கோட்டோரமாகவே தேங்கும். நடுமைதானம் மறுநாளே ஓரளவு இறுகிவிடும், மேட்டோரம் மூன்று நாளானாலும் களியாகக் கிடக்கும். விங்கில், அதாவது கோட்டோரமாக, ஆடுகிறவருடைய ஓட்டமெல்லாம் அந்தக் களியில்தான். ஆனால் பூட்ஸ் தெரிவு செய்யும்போது நடுமைதானத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறோம். பிழை அங்கே தொடங்குகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் விங்கில் ஆடுகிறவருக்கு, மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்கு, அடிடாஸ் வேர்ல்ட் கப் மிகப் பொருத்தமான பூட்ஸ். ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இது அடிடாஸின் இன்னொரு பூட்ஸான கோப்பா முண்டியாலின் உடன்பிறப்பு. ஸ்பானிய மொழியில் கோப்பா முண்டியால் என்றாலும் உலகக் கிண்ணம்தான், ஆக இரண்டுக்கும் ஒரே பெயர். மேற்புறம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: கறுப்புத் தோல், மூன்று வெள்ளைக் கோடு, நீளமான நாக்கு. வித்தியாசம் அடியில் இருக்கிறது. கோப்பா முண்டியாலில் அடித்தட்டோடு சேர்த்து வார்த்த 12 ஸ்டட் (மண்ணில் இறங்கிப் பிடிக்கிற குமிழ்). வேர்ல்ட் கப்பில் கழற்றி மாற்றக்கூடிய 6 ஸ்டட், முன்னால் நான்கு, குதிக்காலில் இரண்டு. நம் மைதானத்து மண் செம்மஞ்சள் களி. 12 ஸ்டட் பூட்ஸில் அது ஸ்டட்டுகளுக்கு நடுவே அப்பி, பத்து நிமிடத்தில் அடி முழுவதும் ஒரே சமதட்டாகிவிடும். அதற்குப் பிறகு ஸ்டட் இருந்தும் இல்லாத மாதிரிதான். 6 ஸ்டட்டில் இடைவெளி பெரிது, உயரமும் அதிகம். ஓட ஓட மண் தானாகவே உதிர்ந்துவிடும்.

இந்த வகைப் பூட்ஸ் எதற்காகப் பிறந்தது என்று கேட்டால் 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதிக்குப் போக வேண்டும். சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரம், வாங்க்டோர்ஃப் அரங்கு, உலகக் கிண்ண இறுதி, விடாத மழை. ஜேர்மன் அணித்தலைவர் ஃபிரிட்ஸ் வால்டர் போர்க்காலத்தில் மலேரியாவில் விழுந்தவர், வெயில் அவருக்கு ஆகாது. அதனால் மழை நாளை ஜேர்மானியர் இன்றும் ‘ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை’ என்கிறார்கள். அணியோடு போயிருந்த, அடிடாஸைத் தொடங்கிய ஆடி டாஸ்லர் அந்த ஈரத்துக்கு நீள ஸ்டட்டுகளைப் பூட்டிக் கொடுத்தார். திருகு ஸ்டட்டை முதலில் செய்தது யார் என்பதில் ஆடிக்கும், பூமாவைத் தொடங்கிய அண்ணன் ரூடோல்ஃபுக்கும் இடையிலான போட்டி தீரவேயில்லை. அன்று பேர்னில் ஜேர்மானியர் அணிந்திருந்தது தம்பியின் பூட்ஸ்.

அதைப் பயன்படுத்திக்கொண்டவர் வலது விங்கர் ஹெல்முட் ரான். எசன் நகரத்து நிலக்கரிப் பகுதியில் 1929இல் பிறந்தவர். 1951இலிருந்து 1959 வரை ரோட்-வைஸ் எசன் கழகம். அங்கே 1953இல் ஜேர்மன் கிண்ணம், 1955இல் தேசிய சம்பியன் பட்டம். பிறகு கொலோன், நெதர்லாந்தின் என்ஸ்கெடே, கடைசியில் மைடரிக். அந்த மைடரிக் அணி ஜேர்மனியின் முதல்தரத் தொடரான புண்டஸ்லிகாவின் முதலாவது பருவத்திலேயே இரண்டாம் இடம் பிடித்தது. நாட்டுக்காக 40 ஆட்டம், 21 கோல். உலகக் கிண்ணத்தில் மட்டும் 10: 1954இல் 4, 1958இல் 6. விங்கில் நின்றுகொண்டு இத்தனை கோல் போடுவது இன்றைக்கும் இலேசான காரியமல்ல. ஆளும் இலேசில் அடங்குகிறவரல்ல. புண்டஸ்லிகா வரலாற்றில் மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட முதல் வீரரும் அவரே.

அந்த இறுதியில் எட்டாவது நிமிடத்திலேயே ஹங்கேரி 2–0. பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனிக்கு மொர்லொக் ஒன்று, 18இல் ரான் ஒன்று. 84ஆவது நிமிடத்தில் பெனால்டிப் பெட்டியின் ஓரத்தில் பந்து ரானிடம் வருகிறது. வலது காலால் அடிப்பார் என்று தடுப்பு வீரர்கள் அந்தப் பக்கம் சாய, பந்தை இடது காலுக்கு இழுத்துத் தாழ்வாக மூலைக்கு அடிக்கிறார். 3–2. எல்லாரும் இடது காலைப் பற்றியே பேசுவார்கள். பூட்ஸ் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வலது காலை. பந்தை உள்ளே இழுக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் வலது பாதத்தின் உட்பக்கத்தில், பெருவிரலுக்குக் கீழேயுள்ள ஸ்டட்டில் இறங்குகிறது. அது வழுக்கியிருந்தால் இடது கால் எதைச் செய்தும் பிரயோசனமில்லை.

வலது விங்கிலிருந்து உள்ளே வெட்டுகிற எவருடைய பழைய பூட்ஸையும் திருப்பிப் பாருங்கள். வலது பூட்ஸின் அந்த உள்முன் ஸ்டட்டே முதலில் தேய்ந்திருக்கும், முதலில் தளர்ந்திருக்கும். இடது விங்கருக்கு இது இடது பூட்ஸில். உதிரி ஸ்டட் வாங்கும்போது முன்வரிசைக்குரிய குட்டையான ஸ்டட்டில் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிவைப்பதன் காரணம் இதுதான்.

நீளம். கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டில் முன்னுக்கு 13 மில்லிமீற்றர், பின்னுக்கு 16 மில்லிமீற்றர் இருக்கும். மழைக்கால மேட்டோரத்துக்கு அது போதும். கண்டிப் பக்கக் கடைகளில் ரக்பி ஸ்டட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதில் 18, 21 மில்லிமீற்றர் வரை உண்டு. களி ஆழம் என்று அதை வாங்கிப் பூட்டாதீர்கள். ஸ்க்ரமில் நின்று தள்ளுகிறவருக்கு அது சரி. விங்கர் முழு வேகத்தில் திரும்பும்போது பாதம் மண்ணில் பூட்டிக்கொள்ளும், முழங்கால் மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் அறுவது இப்படித்தான். இன்னொன்று, எல்லாக் கம்பனி ஸ்டட்டுக்கும் ஒரே மரை இல்லை. பழைய ஸ்டட் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

அலுமினியமா பிளாஸ்டிக்கா? களியில் அலுமினியம் நன்றாக இறங்கும், மெதுவாகத் தேயும். ஆனால் கல்லில் பட்டால் விளிம்பில் பிசிர் கிளம்பி கத்தி மாதிரி ஆகும். நம் கிரவுண்டுகளில் கல் இல்லாத இடம் குறைவு. ஆகவே ஆட்டத்துக்கு முந்திய நாள் ஆறு ஸ்டட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிர் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நடுவர் வரிசையில் நிறுத்திப் பார்ப்பதும் இதைத்தான். கிரவுண்டுக்குச் செருப்போடு போய் அங்கே மாட்டுங்கள். தார் ரோட்டில் அரைக் கிலோமீற்றர் நடந்தாலே ஸ்டட் பாழ். கொங்கிரீட் படியில் அலுமினியம் பனிக்கட்டி மாதிரி வழுக்கும், மேட்டோரக் கானுக்குச் சீமெந்து பூசியிருந்தால் பந்தைத் துரத்தி அதில் காலை வைக்காதீர்கள். (பந்து தேயிலைக்குள் போனால் அட்டை வேறு. சொக்ஸின் மேல்விளிம்பில் சவர்க்காரம் தேய்த்திருந்தால் ஏறுவது குறையும்.)

இந்தப் பூட்ஸில் அதிகம் கெடுவது ஸ்டட் அல்ல, அது இறங்குகிற மரைத் துளை. மண் இருக்கும்போதே ஸ்டட் சாவியால் முறுக்கினால் மரை குறுக்கே ஏறிவிடும், அதோடு அந்தத் துளை சரி. சரியான முறை இது: துளையைப் பழைய பற்தூரிகையால் துடைத்து, ஸ்டட்டின் மரையில் வெசலின் துளியளவு தடவி, முதல் மூன்று சுற்றை வெறும் விரலால் திருக வேண்டும். விரலுக்கு இடக்குப் பண்ணினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் சாவி. பிறகு புல்லில் பத்து நிமிடம் ஓடிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தைச் செய்யாததால்தான் முதல் பாதியிலேயே ஸ்டட் கழன்று விழுகிறது. பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அப்படியே விட்டால் இரும்பு மரை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் கழற்ற, சுற்றிவர இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, குறட்டால் மெதுவாக அசைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் வரும், ஆணி உள்ளே நின்றுவிடும்.

காயவைப்பதில்தான் மலையகத்தில் நல்ல பூட்ஸெல்லாம் சாகிறது. ஜூனில் வாரக்கணக்காக வெயில் வராது, ஆகவே அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது வழக்கம். மேலே தோல் மொறுமொறுவென்று காய்ந்து வெடிக்கும், கீழே பசை இளகி அடித்தட்டு வாயைத் திறக்கும். பீலியில் நீட்டி அலசுவதும் கூடாது, தண்ணீர் உள்ளே போனால் தையல் வழியே ஊறிக்கொண்டே இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உள்தட்டை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாளை மாற்றிவிட்டு, இரண்டாவது தாளோடு காற்றோட்டமான இடத்தில் இரவு முழுக்க வைக்கலாம். காய்ந்த பிறகு மெல்லிய தோல் கிறீம் பூசுங்கள். தேங்காயெண்ணெய் போதும் என்பார்கள். அது தோலைத் தொய்யவைத்து, பாதம் உள்ளே வழுகும்படி செய்துவிடும்.

அளவு பற்றிச் சுருக்கமாக. இந்த வகைத் தோல் சில ஆட்டங்களில் பாதத்தின் வடிவுக்கு இளகிக் கொடுக்கும். செருப்போடு வளர்ந்த அகலப் பாதத்துக்கு இன்றைய ஒடுக்கமான பிளாஸ்டிக் பூட்ஸைவிட இது நல்லது. ஆனால் வாங்கும்போது இறுக்கமாகவே இருக்க வேண்டும், பெருவிரல் நுனிக்கும் பூட்ஸ் நுனிக்கும் இடையில் சுண்டுவிரலின் பாதி அகலம் போதும். கங்காரு தோல் வாங்குவதை நிறுத்திவிட்டதாக 2025இல் அடிடாஸ் சொல்லிவிட்டது, அதனால் ‘கங்காரு’ என்று சொல்லி விற்றால் பழைய இருப்பா, போலியா என்று பாருங்கள். பழையதை வாங்குகிறவர் மூன்று இடம் பார்த்தால் போதும்: இரண்டு பூட்ஸிலுமாக 12 மரைத் துளையிலும் ஸ்டட் விரலால் இறங்குகிறதா, நுனித் தையல் விட்டிருக்கிறதா, வளைத்தால் விரல் மடிகிற இடத்தில் வளைகிறதா. பாதத்தின் நடுவில் வளைந்தால் அடித்தட்டு உடைந்திருக்கிறது. நுனித் தையலை நைலோன் நூலால் மறுபடி தைக்கலாம், உடைந்த தட்டுக்கு வைத்தியமில்லை.

ஒரே சோடி என்றால் வேண்டாம் என்றதன் காரணம் பெப்ரவரி, மார்ச். அந்த மாதங்களில் நிலம் பாறையாகக் காயும். ஆறு ஸ்டட்டும் மண்ணில் இறங்காது, ஆறு முனையில் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். விரல்களுக்குக் கீழே கொப்புளம், குதிக்காலில் வலி. அப்போது வார்த்த ஸ்டட்டே சரி. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் கணக்கு வேறு. அங்கே களி சேர்வது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில்.

விங்கருக்கு மட்டும் உள்ள இன்னொரு சிக்கல் இடைவேளை. முதல் பாதியில் மேட்டோரக் களியில் ஓடிய வலது விங்கர், பக்கம் மாறியதும் மறுகரைக்குப் போகிறார். நிரப்பிய மண்ணில் தண்ணீர் இறங்கி வடிந்துவிடுவதால் அந்தக் கரை இறுகலாக இருக்கும். நடுவில் ஆடுகிறவருக்கு இந்த மாற்றம் தெரியாது. அதற்கு இரண்டு பூட்ஸிலுமாகக் குதிக்கால் ஸ்டட் நான்கை மட்டும் 16இலிருந்து 13க்கு மாற்றினால் போதும், முன்வரிசையைத் தொட வேண்டாம். மழை விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஆளுக்கொரு பூட்ஸாக இரண்டு பேர் சாவியோடு உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். கழற்றிய நான்கையும் மண்ணோடு பையில் போடாமல், துடைத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டாம் பாதி தொடங்கியபின் மறுபடி மழை பிடித்தால் உடனே தேட வேண்டியது அவற்றைத்தான்.