கே.கே. நகர் பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகம்: ஒரு லேத் பட்டறைக்காரன் அனுபவம்

ஜெய்ஹிந்துபுரத்தில் 22 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வில்லாபுரம், அனுப்பானடி பக்கம் அப்பளம் போடுகிறவர்களுக்கு மிஷின் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் பிழைப்பு. 2024 ஆடி மாதம் மதுரை கே.கே. நகரில் ஒரு பேட்டன்ட் ஏஜென்டை, அதாவது கண்டுபிடிப்புக்கு உரிமை வாங்க விண்ணப்பம் போட்டுத் தருகிறவரை, பார்க்கப் போனேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அங்கே நடந்த வேலை நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "உங்கள் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கித் தருகிறோம், உலகம் பூராவும் செல்லும்" என்றார்கள். 18,000 ரூபாய் கட்டினேன். சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது, பிரேம் போட்டு மாட்டினேன். அடுத்த வருடமே அதே மாதிரி மிஷினை இன்னொரு பட்டறையில் செய்து விற்றார்கள். சான்றிதழோடு போய் நின்றேன். அவர்களுடைய வக்கீல் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது மிஷினுக்கு இல்லைங்க, நீங்க வரைஞ்ச படத்துக்கு" என்றார். அன்று ராத்திரி தூக்கமில்லை.

கே.கே. நகர் மேடம் அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். "அண்ணே, தமிழ்ல பேட்டன்டையும் காப்புரிமைங்கிறோம், காப்பிரைட்டையும் காப்புரிமைங்கிறோம். உங்களை அந்த ஒரு சொல்லை வச்சே ஏமாத்திட்டாங்க" என்றார். காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்ற சொல் இருக்கிறது. எல்லோரும் அதையே சொன்னால் என் மாதிரி ஆட்களுக்கு இந்தக் குழப்பம் வராது.

கோட்டுக்கு ஒரு பக்கம் பதிப்புரிமை: 1957-ஆம் வருடச் சட்டம். எழுத்து, படம், பாட்டு, கம்ப்யூட்டர் புரோகிராம் இதற்கெல்லாம். எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும். பதிவு செய்யாவிட்டாலும் படைத்தவுடனே வந்துவிடும், பதிவு செய்தால் கோர்ட்டில் சாட்சியாக உதவும். மறுபக்கம் பேட்டன்ட்: 1970-ஆம் வருடச் சட்டம். ஒரு பொருள் வேலை செய்கிற விதத்துக்கு. விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருடம், அதுவும் இந்தியாவுக்குள் மட்டும். உலகம் முழுக்கச் செல்லும் பேட்டன்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. வெளிநாட்டில் வேண்டுமென்றால் இங்கே போட்ட 12 மாதத்துக்குள் அதற்கான விண்ணப்பத்தைத் தனியாக ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "இந்த மிஷின் எத்தனை வித்திருக்கீங்க?" ஏழு என்றேன். "அப்ப இதை விட்டுருவோம்ணே." எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்டுபிடித்தவன் நான், எனக்கே கிடையாதா என்று கேட்டேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வெளியில் விற்றுவிட்டால் சட்டப்படி அது புதுசு இல்லை, விற்றது நானாகவே இருந்தாலும். இதைப் பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டிருக்கலாம். அது தள்ளுபடியாகி வர வருடக்கணக்கில் ஆகும், எனக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

விற்காத வேலை ஒன்று என்னிடம் இருந்தது. மாவை ரோலர் தகடாக்கியதும் அச்சு வட்டம் வட்டமாக வெட்டும். சுற்றி மிஞ்சுகிற மாவைக் கையால் இழுத்துத் திரும்பப் பிசைய வேண்டும். மழை நாளில் அது அறுந்து அப்பளத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மிச்ச மாவை அறுபடாமல் தூக்கிக் கொடுக்க ஒரு அமைப்பு செய்திருந்தேன். பட்டறைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தது, யாருக்கும் காட்டவில்லை. விவரம் இங்கே வேண்டாம்.

மேடம் ஒரு சனிக்கிழமை பட்டறைக்கே வந்து மூன்று மணி நேரம் பார்த்தார். இன்ஜினியரிங் படித்தவர். அறிவியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் வாங்கி, தனித் தேர்வும் எழுதித்தான் பேட்டன்ட் ஏஜென்டாகப் பதிவு செய்ய முடியுமாம். "தகடு எவ்வளவு சாய்வு?" என்றார். கைக்குத் தெரியும், கணக்குத் தெரியாது என்றேன். "நீங்க இல்லாதப்ப இன்னொரு லேத்காரர் படிச்சுச் செய்யற மாதிரி எழுதணும்ணே, அதுக்குத்தான் அரசாங்கம் 20 வருஷம் கொடுக்குது" என்று பாகைமானி வைத்து அளக்க வைத்தார். 22 வருடமாகக் கையிலேயே இருந்த வேலையை அன்றைக்குத்தான் எண்ணாகப் பார்த்தேன். தெரிந்த பாகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் பழைய பேட்டன்ட்களைத் தேடி, சீனாவில் ஒன்று நெருக்கமாக இருப்பதைக் காட்டி, என்னுடையது எங்கே வேறுபடுகிறது என்பதை என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

ஆவணியில் தற்காலிக விண்ணப்பம் ஆன்லைனில் போட்டாயிற்று. சென்னை கிண்டியில் இருக்கிற பேட்டன்ட் அலுவலகத்துக்கு நான் போகவே இல்லை. தனிநபர் என்பதால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 2025 சித்திரையில் கொடுத்தோம். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க இன்னொரு 4,000. உரிமைக்கோரல், அதாவது எது எது என்னுடையது என்று எண் போட்டு எழுதுவது, 10-க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320 கூடுதல் என்பதால் எட்டிலேயே நிறுத்தினார். அவருடைய கூலி 24,000, மூன்று தவணை. எனக்கு அது பெரிய தொகைதான், ஆனால் செய்த வேலைக்குத் தகும்.

குறையும் இருக்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் போக வேண்டும், அது அவர் கையில் இல்லை. ஒவ்வொரு பத்தியையும் தமிழில் வாயால் சொன்னார், ஆனால் எழுதித் தரவில்லை. கையெழுத்துப் போடுகிறவன் வீட்டில் வைத்துத் திரும்பப் படிக்கத் தமிழில் இரண்டு பக்கமாவது வேண்டும். கேட்டிருக்கிறேன், செய்கிறேன் என்றிருக்கிறார். போனும் உடனே எடுக்க மாட்டார். இரண்டு மாடி ஏற வேண்டும், லிப்ட் இல்லை.

என் வீட்டுக்காரம்மா போடும் அப்பளத்தின் பாக்கெட்டையும் காட்டினேன். பெயருக்கு டிரேட்மார்க் போடுங்கள், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்றார். அதற்குத் தனிநபர் கட்டணம் 4,500, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

புது மிஷினின் பக்கத்தகட்டில் "பேட்டன்ட் பெற்றது" என்று பெயின்ட் அடிக்கப் போனேன். கூடாது, கிடைப்பதற்கு முன் அப்படி எழுதினால் அபராதம் உண்டு, "விண்ணப்பம் நிலுவையில்" என்று போடுங்கள் என்றார். அப்படியே எழுதி முதல் மிஷினை வில்லாபுரத்துக்கு அனுப்பிவிட்டேன். போகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் போங்கள், மிஷின் ஓடுகிற வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பம் போடும் வரை அதை யூடியூபில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.