கருப்பைக்குள் மருந்தா, ஊசியா?

கன்று ஈன்ற இரண்டு வாரத்துக்குள் செம்பழுப்பாக, தண்ணீர் போல, நாற்றத்தோடு ஒழுக்கு வந்து, மாடு காய்ச்சலில் தீனியையும் ஒதுக்கினால் அது கருப்பைத் தொற்று; என் ஓட்டு ஊசிக்குத்தான்.

கருப்பைக்குள் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை விடுவது பழைய வழக்கம். மருந்து அங்கேயே நிற்காது. ரத்தத்தில் கலந்து மடிக்கும் வரும், கருப்பையின் உள்சவ்வையும் புண்ணாக்கும். ‘உள்ளேதானே விட்டோம்’ என்று அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. தயிர்கூட சரியாக உறையாமல் போகலாம்.

ஊசியாகப் போடும் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக் பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். பல நாடுகளில், லேபிள்படி போட்டால் பாலை ஒதுக்க வேண்டியதில்லை. அளவையோ நாளையோ கூட்டினால் அந்தச் சலுகை போச்சு. மனித மருத்துவத்துக்கும் முக்கியமான மருந்து வகை இது. எனவே ஒழுக்கு மட்டும் இருந்து, நன்றாகத் தின்னும் மாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.