ஏடிபி இணையதளத்தின் வீரர் பக்கங்கள்: பட்டம் வெல்லாத ஒரு ஹங்கேரியரைத் தேடிப் படிக்கையில்

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு, தன் இணையதளத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஜோக்கோவிச், நடால் ஆகியோரின் பக்கங்களைக் கொண்டு இச்சேவையை எடைபோடுவதில் பொருளில்லை. அவர்களைப் பற்றிய செய்தி எங்கும் கிடைக்கும். ஒற்றையர் பட்டம் எதுவும் வெல்லாமல் ஓய்வு பெற்ற ஒருவரின் ஆட்டவாழ்வை இப்பக்கங்கள் எவ்வளவு சொல்கின்றன என்று பார்ப்பதே தகுந்த சோதனை. அதற்கு ஹங்கேரியைப் போல் பொருத்தமான நாடு குறைவு. விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை 1985இல் ஸ்விட்சர்லாந்து வீரர் ஹைன்ஸ் குந்தார்ட்டுடன் சேர்ந்து வென்ற ஹங்கேரியர் பலாஷ் தரோட்சி, தன் கடைசி ஒற்றையர் பட்டத்தை 1982இல் பெற்றார். அதன் பிறகு, 2018இல் ஜெனீவாவில் மார்டன் ஃபுசோவிச் வெல்லும் வரை, எந்த ஹங்கேரியருக்கும் ஏடிபி ஒற்றையர் பட்டம் வாய்க்கவில்லை. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் ஆடியவர்களை அறிய ஆட்டப் பதிவுகளைத்தான் நாட வேண்டும்.

அவர்களில் ஒருவரான அட்டிலா ஷாவோல்ட்டை எடுத்துக்கொள்வோம். 1996இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த இவருடைய பக்கத்தின் முகப்பு, அவர் தரவரிசையில் எட்டிய உச்ச இடம் 68 என்றும், அது 2002 மே மாதம் என்றும், ஒற்றையர் பட்டங்கள் பூஜ்யம் என்றும் தெரிவித்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. இதோடு திரும்பிவிடுபவருக்கு இவர் ஏன் பல ஆண்டுகள் ஆடினார் என்பதே விளங்காது. ஆட்ட விவரப் பகுதிக்குள் நுழைந்து, ஆண்டையும் போட்டியின் தரத்தையும் தேர்ந்துகொண்ட பிறகுதான் இச்சேவையின் உண்மையான பயன் தெரியத் தொடங்குகிறது. ஒவ்வொரு போட்டிக்கும் களத்தின் வகை, எதிராளி, ஆட்டக் கணக்கு, கிடைத்த புள்ளிகள், அப்போதைய தரவரிசை, பெற்ற பரிசுத்தொகை என எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுவதால், சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஈட்டிய புள்ளி இவ்வாண்டு உதிர்ந்துபோகும். நன்றாக ஆடிய மாதத்திலேயே ஒருவர் இறங்கியிருப்பதற்கான காரணத்தை, இரண்டு ஆண்டுகளின் பட்டியலை அருகருகே வைத்தால் யாரும் கண்டுகொள்ளலாம். கீழ்நிலை வீரரின் வாழ்க்கையில் நாடகம் இருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். இறுதியாட்டங்களில் அது அரிதாகவே நிகழ்கிறது.

ஆயினும் எண்கள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்வதில்லை. மற்றொரு ஹங்கேரியரான அட்டிலா பலாஷ் 2019இல் குரோயேஷியாவின் உமாக் நகரில் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு இறுதியாட்டம் வரை சென்று, செர்பியாவின் டூஷன் லாயோவிச்சிடம் 5-7, 5-7 எனத் தோற்றார். அடுத்த பிப்ரவரியில் ரியோ டி ஜெனீரோவில் அரையிறுதியை எட்டியதும், 2020 மார்ச்சில் அவருடைய இடம் 76 ஆயிற்று. அதே மாதம் 12ஆம் தேதி பெருந்தொற்றால் போட்டிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன; தரவரிசையும் ஆகஸ்ட் வரை உறைநிலையில் வைக்கப்பட்டது. முப்பதைக் கடந்த ஒருவர் தன் உச்சத்தைத் தொட்ட மாதத்திலேயே ஆடுகளங்கள் மூடப்பட்டன என்பதை, தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவரே கண்டெடுப்பார். (தேடலில் ஒரு சிக்கலும் உண்டு: ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுபவர்கள், தரோட்சிக்குச் சொந்தப் பெயரான பலாஷ், இவருக்குக் குடும்பப் பெயர்.)

பரிசுத்தொகைப் பகுதியை நான் குறைந்த நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் பெற்றதைக் கூட்டி டாலரில் தரும் அத்தொகை, வரியும் பயணமும் தங்குமிடமும் பயிற்சியாளர் ஊதியமும் கழிக்கப்படாத மொத்த வரவு. 2013ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு செய்த ஆய்வில், ஆண்களில் ஏறத்தாழ 336ஆம் இடத்தில் உள்ளவருக்குத்தான் வரவும் செலவும் சமமாகின என்று தெரியவந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு 400ஆம் இட வீரரின் மொத்தத் தொகையைப் பார்ப்பவர், அவர் வசதியாக வாழ்ந்ததாக எண்ணிவிடக்கூடும். மத்திய ஐரோப்பிய வீரர்கள் பலருக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா கழக லீக் ஆட்டங்கள் முக்கியமான வருமானம். அவற்றுக்கு ஏடிபி புள்ளிகள் இல்லாததால் அவை இந்தக் கணக்கில் சேர்வதில்லை. இது தளத்தின் பிழையன்று. ஆனால் அந்த வீரர் கோடைக்கால வார இறுதிகளில் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு இங்கே விடை தேடக் கூடாது.

பழைய ஆண்டுகளைப் படிப்பவர் இன்னும் ஒரு விதியை அறிந்திருப்பது நல்லது. தொழில்முறை ஆட்டத்தின் அடிமட்டப் போட்டிகளான ஃபியூச்சர்ஸ் 1998இல்தான் தொடங்கின. அதற்கு முன் கீழ்மட்டத்தில் சாடிலைட் எனப்படும் பல வாரத் தொடர்களே பெரும்பாலும் இருந்தன. அவற்றில் புள்ளிகள் தொடர் முழுவதற்கும் சேர்த்துக் கணிக்கப்பட்டதால், ஷாவோல்ட்டின் தலைமுறையினரது தொடக்க ஆண்டுகளை வாரவாரியாகப் படிக்கும் பழக்கம் அங்கே உதவாது. நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பை ஆட்டங்களுக்குத் தரவரிசைப் புள்ளிகள் 2009 முதல் 2015 வரை மட்டுமே வழங்கப்பட்டன என்பதும் நினைவில் கொள்ள வேண்டியதே.

ஒரு வீரரின் தரவரிசை ஏற்ற இறக்கத்தைத் தானே ஆராய்ந்து அறிய விரும்புபவருக்கு இச்சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாட்டுக்காக அவர் ஆடியதை அறிய டேவிஸ் கோப்பைத் தளத்தின் வீரர் பக்கமே ஏற்றது. அங்கே எத்தனை மோதல்களில் ஆடினார், எவற்றில் வென்றார் என்பது தனியாகத் தொகுக்கப்பட்டுள்ளது. இளையோர் ஆட்டங்களைத் தேடுபவர் சர்வதேசக் கூட்டமைப்பின் தளத்திலிருந்து தொடங்கி, பிறகு ஏடிபி பக்கத்துக்கு வருவது எளிது.